செவிடி புதுநன்மை வாங்கிய வருடம்

மற்றப் பிள்ளைகள் பேய்க்குப் பயந்துகொண்டிருந்த வயதில் நான் ஒரு மரக்கூண்டுக்குப் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் மாதா கோயிலில் வலதுபக்கச் சுவரோரம் நின்ற, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டு அது. நடுவில் சாமியார் உட்கார ஒரு தடுப்பு, அதற்கு அரைக்கதவு. இரண்டு பக்கமும் முழங்காலில் நிற்க ஒரு பலகை. முகத்துக்கு நேரே சின்னச் சின்ன ஓட்டை போட்ட தகடு, தகட்டுக்குப் பின்னால் ஊதா நிறத் துணி. பாவத்தைச் சொல்கிறவர் யாரென்று சாமியாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அந்தத் துணி. ஊருக்கெல்லாம் அது ஆறுதல், எனக்கு வினை. ஒருவரின் வாயைப் பார்க்க முடியாவிட்டால் அவர் பேசியதாகவே எனக்குக் கணக்கில்லை.

எனக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. ஒன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் வந்த காய்ச்சல், போகிறபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மில்லில் சங்கு ஊதினால் நெஞ்சில் லேசாக அதிரும். கோயிலில் பெரிய மணி அடித்தால் பாதத்துக்கு அடியில் தரை தெரியும். அவ்வளவுதான் மிச்சம். பேச்சு மட்டும் போகவில்லை. அதுவரை கேட்டுப் பழகிய பேச்சு வாயில் அப்படியே இருந்தது. ஆனால் என் சத்தம் எனக்கே கேட்காததால் அதைக் கூட்டவும் குறைக்கவும் தெரியாது. நான் ரகசியம் சொல்வதாக நினைத்துச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள். அம்மா உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமுக்கிக் காட்டுவாள். மெதுவா, மெதுவா. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் நாலு பேர் நடுவில் பேசினேன்.

விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். "காதுல கொஞ்சம் சளி, போயிரும்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு என்னைப் போலவே காது போய், மேற்கே ஓர் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கிறிஸ்மஸ் லீவுக்கு அவள் வந்தபோது நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். நல்ல கொழுகொழுவென்று இருந்தாள். கையாலேயே படபடவென்று பேசினாள், சிரித்தாள். அவள் அம்மாவுக்குத்தான் ஒன்றுமே விளங்கவில்லை. மகள் கையைப் பிடித்து நிறுத்தி, "என்ன சொல்லுத, என்ன சொல்லுத" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அந்தப் பள்ளி அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான் செய்தது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எங்களுக்குத் தெரிந்தது அந்த அழுகை மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "உன்னய நான் எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றாள். அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். வீட்டில் இருப்பதே அபூர்வம். எனவே சட்டமும் அம்மாதான், காவலும் அம்மாதான்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் காப்பாற்றியவள் என் பெஞ்சுக்காரி. சங்கு குளிக்கிறவர் மகள். அவள் அப்பா கடலடியில் சங்கு பொறுக்க முங்கும்போது, மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதெல்லாம் அந்தக் கயிற்றில்தான். அவள் அதையே வகுப்புக்குக் கொண்டுவந்தாள். தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி, அந்த மெல்லிய நைலான் இழையில் ஒரு முழம் எடுத்து ஒரு நுனியை என் மணிக்கட்டில் கட்டினாள், மறுநுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். பெஞ்சுக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒருமுறை இழுத்தால் உன்னைக் கூப்பிடுகிறார்கள், எழுந்திரு. இரண்டுமுறை இழுத்தால் போதும், உட்கார். நிறுத்தாமல் இழுத்தால் ஆபத்து, என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு மேலே வா. இந்தக் கடைசிச் சட்டத்தை அவள் வெகு கண்டிப்பாகச் சொன்னாள். "அங்கன நின்னு யோசிக்கப்படாது, என்னளா? யோசிச்சா செத்துருவ" என்றாள். மூன்றாம் வகுப்பில் கூட்டல் கழித்தலுக்கு நடுவே யார் சாகப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் அவளுக்குக் கணக்கைக் காட்டினேன், அவள் எனக்குக் காதைக் காட்டினாள்.

மூன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் எங்களுக்கு ஒரே டீச்சர்; கரும்பலகையோடு பேசுகிறவர். எழுதிக்கொண்டே பேசுவார், ஜன்னலைப் பார்த்துப் பேசுவார், சொல்வதை எழுதும் நேரத்தில் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே வாசிப்பார். பெஞ்சுக்காரியின் சிலேட்டைப் பார்த்து எழுதுவேன்; அவளுடைய பிழைகளை வழியில் திருத்திக்கொள்வேன். வீட்டில் புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்வேன். நாலாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் மூன்றாவது ராங்க் வாங்கினேன். கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. எல்லாம் பயம். மூன்றாவது ராங்க் வாங்குகிற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

நாலாம் வகுப்பு நடக்கும்போதுதான் புதுநன்மைக்கு, அதாவது முதல்முறையாக நாக்கில் நற்கருணை அப்பம் வாங்குகிற சடங்குக்கு, பேர் கொடுத்தார்கள். பள்ளி விட்டதும் அதே டீச்சர் ஞானோபதேசம் என்கிற வேதபாட வகுப்பு நடத்துவார். நன்மை வாங்குவதற்கு முந்தின நாள் எல்லாப் பிள்ளைகளும் முதல்முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஒரு பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் அது பாவசங்கீர்த்தனமே இல்லை, தேவதுரோகம். அந்த நாக்கில் நன்மை வாங்கினால் நேரே நரகம் என்றார் டீச்சர். வருடம் பூராவும் எனக்கு முதுகைக் காட்டியவர், அன்றைக்கென்று பார்த்து எங்கள் பக்கம் நன்றாகத் திரும்பி நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எத்தனையோ பாடம் எனக்குத் தப்பிப்போயிருக்கிறது. இது தப்பவில்லை.

பொய் சொல்வது பாவம். நான் காது கேட்பதுபோல் நடித்தது தினமும் சொன்ன பொய். அதைச் சொன்னால் சாமியார் மதரிடம், அதாவது எங்கள் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரீயிடம் சொல்வார். மதர் என்னை மேற்கே அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் நரகம். கூண்டில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார் என்று டீச்சர் சொல்லத்தான் செய்தார். ஆனால் சாமியாரும் மதரும் ஒரே மேசையில் காப்பி குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். காப்பி குடித்துக்கொண்டே பெரியவர்கள் என்னதான் பேசமாட்டார்கள்!

கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் குந்தினாள்.

"அது பாவமில்ல மக்கா. நான் சொல்லித்தான நீ செஞ்ச? பாவமா இருந்தா அது எனக்குத்தான். நீ அதச் சொல்லாத."

அம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் வந்தது. அப்படியானால் நரகத்துக்குப் போகிறவள் அம்மா. டீச்சர் விவரித்த அந்த நெருப்பில் அம்மா நிற்பதை நினைத்தேன். மேற்கே உள்ள விடுதி அதைவிடத் தேவலாம் என்று தோன்றியது. சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கூண்டுக்குள் எப்படிச் சமாளிப்பது என்பதற்கு பெஞ்சுக்காரி திட்டம் வைத்திருந்தாள். கூண்டுக்கு நேர் எதிரே உள்ள பெஞ்சில் அவள் முழங்காலில் நிற்பாள். அரைக்கதவுக்கு மேலே சாமியாரின் கை தெரியும். நான் பாவங்களைச் சொல்லி முடித்து, அவர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினால் ஒரு இழுப்பு; நான் பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாப மந்திரம் சொல்ல வேண்டும். அவர் கையை இறக்கினால் இரண்டு இழுப்பு; எழுந்து வரலாம். நடுவில் சாமியார் ஏதாவது கேள்வி கேட்டால்? அதை இரண்டு பேருமே யோசிக்காமல் தள்ளிவைத்தோம். தங்கூசி மட்டும் நீளமாக எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம். கூட்டம் அதிகம் என்பதால் வெளியூரிலிருந்து ஒரு சாமியார் உதவிக்கு வந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாகச் சுவரோரம் நின்றோம். பின்பெஞ்சுகளில் அம்மாமார்கள். எங்கள் அம்மா வரவில்லை, மறுநாளைக்கு என் வெள்ளைக் கவுனைத் தேய்த்து வாங்கப் போயிருந்தாள். டீச்சர் வாயில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போய் வந்தது. கையெல்லாம் வேர்வை. தங்கூசி கழன்றுவிடுமோ என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

என் முறை வந்தது. முழங்காலில் நின்றேன். முகத்துக்கு முன்னால் ஓட்டைத் தகடு, ஊதாத் துணி, இருட்டு. மரத்துக்கும் மெழுகுக்கும் சேர்ந்த ஒரு வாசனை. துணி லேசாக அசைந்ததுபோல் இருந்தது. சாமியார் பேசுகிறாராக இருக்கும். நான் பாட்டுக்கு ஆரம்பித்தேன். தம்பியை அடித்தேன். வெல்லம் எடுத்துத் தின்றேன். ஜெபத்தின்போது தூங்கினேன். பிறகு நிறுத்தினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எவ்வளவு ரகசியமாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு ரகசியமாகச் சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காது சாமி. கேக்கும்னு பொய் சொன்னேன். அம்மா மேல தப்பில்ல. அம்மாவ நரகத்துல போட்டுராதிய."

மணிக்கட்டில் தங்கூசி இழுத்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ணமுடியவில்லை; தோலை அறுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தது. நிறுத்தாமல் இழுத்தால் யோசிக்கக் கூடாது. எழுந்தேன், வெளியே வந்தேன்.

கோயில் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள், பின்பெஞ்சு அம்மாமார்கள், பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருமே. ஒருத்தர் வாயும் அசையவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம் சொன்னவளின் முகத்தில் ஏதாவது அடையாளம் விழுந்துவிடுமோ என்று நினைத்துக் கன்னத்தைத் தடவிப்பார்த்தேன். பெஞ்சுக்காரியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினாள். மெதுவா, மெதுவா.

அப்போதுதான் தெரிந்தது. அமுக்கிக் காட்ட ஆளில்லாத இடத்தில் நான் கத்தியிருக்கிறேன்.

அன்று பட்ட பயத்தை எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை. ஓடவேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. அரைக்கதவைத் திறந்து வெளியூர்ச் சாமியார் வந்தார். சின்ன வயதுக்காரர். என்னைவிட அவர்தான் மிரண்டுபோயிருந்தார். கூண்டில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவருக்குச் சட்டம். ஆனால் அவர் சொல்வதற்கு என்ன மிச்சம் இருந்தது? என் முன்னால் குனிந்து, நான் நன்றாகப் பார்க்கும்படி கையைத் தூக்கிச் சிலுவை வரைந்து ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சர் வந்து என் கையைப் பிடித்தார். தங்கூசி அவர் விரலில் மாட்டியது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அது போகிற வழியே கண்ணை ஓட்டிப் பெஞ்சுக்காரியின் விரலில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு பேரையும் கோயிலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். மணலில் என் எதிரே நின்று ஏதோ கேட்டார். அவர் உதடு நடுங்கியதால் எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். இந்தமுறை புரிந்தது.

"ரெண்டு வருஷமா என் வகுப்புல உக்காந்து என்னய முட்டாளாக்கியிருக்கியளா, ரெண்டு பேரும்?"

அடிப்பார் என்று நினைத்துத் தோளைக் குறுக்கினேன். அடிக்கவில்லை. முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது கோபமா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விஷயம் மதருக்குப் போக வெகுநேரம் ஆகவில்லை. அன்றே அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா தேய்த்த கவுனோடு நேரே மதர் அறைக்கு வந்துவிட்டாள். கவுன் கசங்காமலிருக்க இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டீச்சரும் நானும். மதர் வெளியூர்க்காரர், பேச்சு கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும். மேற்கே உள்ள பள்ளிக்கு எழுதிப் போடலாம், அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

"எம்புள்ளைக்குக் கேக்கும் மதர். மத்தவங்க பேசுதது வேணா கேக்காம இருக்கும். நான் கூப்பிட்டா கேக்கும். வீட்டுல நான் ஒரு தடவ கூப்பிட்டா போதும், திரும்பிருவா."

சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்றார் மதர். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். அம்மா பின்னாலிருந்து கூப்பிட வேண்டும்.

நான் திரும்புவதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கொஞ்சமும் பயமில்லை. அம்மா பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் நான் எப்படித் திரும்பினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எப்போதும் தம்பியை எனக்கு எதிரே உட்காரவைத்துக்கொள்வேன். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அவன் கண் அந்தப் பக்கம் போகும். உடனே நான் திரும்புவேன். ஊரை ஏமாற்ற அம்மா சொல்லிக்கொடுத்தாள்; அம்மாவை ஏமாற்ற நானாகவே கற்றுக்கொண்டேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பயம்.

சுவரில் தம்பி இல்லை. வெள்ளையடித்த சுவர், அதில் கண்ணாடி போட்ட ஒரு மாதா படம். கண்ணாடியில் அம்மா தெரிவாளா என்று பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம்தான் பளபளவென்று தெரிந்தது. பாதத்தைத் தரையில் அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவினேன். இப்போது கூப்பிடுகிறாளா? கூப்பிட்டு முடித்துவிட்டாளா? இப்போது திரும்பினால் சரியாக இருக்குமா, இல்லை கூப்பிடுவதற்கு முன்பே திரும்பி மாட்டிக்கொள்வேனா? மாதாவே, ஒரே ஒரு தடவை கேட்கட்டும், அம்மா சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று வேண்டினேன். வேர்வை கண்ணில் இறங்கியது. சுண்ணாம்புச் சுவரில் ஒரு எறும்பு ஏறி, படத்தின் சட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. நான் அசையவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். டீச்சர். திரும்பினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கவுன் அவள் மடியில் சுருண்டு கிடந்தது. அவள் முதலில் மெதுவாக, பிறகு உரக்க, கடைசியில் அலறியே கூப்பிட்டாள் என்று டீச்சர் பிறகு சொன்னார். மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து ஜன்னலில் எட்டிப்பார்த்தார்களாம்.

மதர் பேனாவை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது டீச்சர் மேசையில் கையை ஊன்றினார். முகம் என் பக்கம் இருந்ததால் அவர் பேசியது முழுவதும் எனக்குக் கிடைத்தது.

"கேக்காமலே மூணாவது ராங்க் வாங்குது மதர். கேக்குததுக எல்லாம் என்ன கிழிக்குதுக? நான் இவளுக்கு முதுகக் காட்டி நடத்துனேன், அது என் தப்பு. இந்த வருஷப் பரீட்சை வரைக்கும் விடுங்க. நான் முகத்தக் காட்டி நடத்துதேன். தேறலன்னா நானே கொண்டுபோய் விடுதேன்."

பாசத்தில் பேசினாரா, தன் வகுப்பின் ராங்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் மதர் பேனாவை மூடினார். பரீட்சை வரைக்கும்.

மறுநாள் கசங்கிய கவுனோடு நன்மை வாங்கினேன். திங்கட்கிழமை டீச்சர் ஜன்னலுக்கு எதிரே தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். இனிப் பேசும்போது அதற்குள்தான் நிற்பேன், வெளியே போனால் எல்லாரும் டெஸ்கைத் தட்டுங்கள் என்றார். டீச்சரைத் தட்டி அடக்கும் வாய்ப்பை எந்தப் பிள்ளை விடும்? அவர் பழக்கதோஷத்தில் பலகைப் பக்கம் திரும்பினாலே வகுப்பு அதிரும். எனக்கே மரப்பெஞ்சில் அது தெரியும். சொல்வதை எழுதும் நேரத்தில் என் எதிரே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசித்தார். பெஞ்சுக்காரியிடம் தங்கூசியைப் பிடுங்கிக்கொண்டு, இனிமேல் வெளிப்படையாகத் தோளைத் தட்டு என்றார். அவளுக்கு அதில் வருத்தம்தான். பரீட்சை வரும்வரை நான் தினமும் பயந்தேன். தேறினேன். விடுதிப் பேச்சு பிறகு எழவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பள்ளியில்தான் இருந்தேன்.

மாறிப்போனது அம்மாதான். அதுவரை அடுப்படியிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள் என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். நன்மை வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் தம்பியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு வழக்கம்போல் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கமும் போகவில்லை. வெகுநேரம் காத்திருந்தேன். அம்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து, முழங்காலிட்டு, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கிளம்புவமா மக்கா" என்றாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் என்னைப் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.